இஸ்தோப்பில் ஒரு தொழில்: உடல் இயலாமை உள்ளவர்களுக்கான கைவேலை வழிகாட்டி

வீட்டில், இஸ்தோப்பு எனும் முன்திண்ணையில் இருந்தபடி ஏதாவது செய்து சம்பாதிக்கலாமா என்று யோசிப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தத் தொழிலில் நல்ல காசு வரும் என்பதைத்தான். அதற்கு முந்திக் கேட்கவேண்டியவை இரண்டு. உங்கள் உடம்பு எந்த வேலையை நாள்தோறும் மூன்று, நான்கு மணி நேரம் நோவில்லாமல் செய்யும்? செய்த பொருளை வாங்க, பஸ் போய்வரும் தூரத்துக்குள் யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் மெஷின் வாங்கியவர்களின் மெஷின், காம்பரா (அறை) மூலையில் துணி போட்டு மூடிக் கிடக்கும்.

இங்கே இரண்டு வேலைகளை முழுதாகச் சொல்கிறோம்: துணித்துண்டில் நெய்யும் கால்மிதி, கடைகளுக்கான காகிதப் பை. தையல் பற்றிச் சுருக்கமாக. மெழுகுதிரி, ஊதுபத்தி பற்றிப் பலர் கேட்பார்கள். உருகிய மெழுகைத் தூக்கி ஊற்றவேண்டிய வேலையை, கால் உணர்வில்லாதவருக்கும் கைநடுக்கம் உள்ளவருக்கும் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஊதுபத்திக்கு வெயில் வேண்டும். இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அதை நம்ப முடியாது.

இடத்தைச் சரிசெய்தல்

லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வெளிச்சம் உள்ள ஒரே இடம் பெரும்பாலும் இஸ்தோப்புதான். வேலையை அங்கே வையுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்துக்கு ஒரு தார்ப்பாய்த் திரை போதும். உள்ளே செய்வதென்றால் வாசற்படிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழலே வேலையின் மேல் விழும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசைப் பலகையின் அடிப்பக்கம் தரையிலிருந்து குறைந்தது 28 அங்குலம் உயரத்தில் இருந்தால்தான் முழங்கால் உள்ளே போகும். கடையில் வாங்கும் மேசைகளில் குறுக்குச் சட்டம் முழங்காலைத் தடுக்கும். அதைக் கழற்றிவிட்டு, மேசையின் பின்பக்கம் ஒரு சட்டம் அடியுங்கள். தரையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு, குளிர் ஏறாதபடி சாக்கு, அதன்மேல் பலகை, அதன்மேல் மெத்தை என்று மூன்று அடுக்கு வேண்டும். நுவரெலியாச் சிமெந்துத் தரையில் ஒரு பாய் மட்டும் போதவே போதாது.

முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வேலை ஓடும்போது நேரம் போவது தெரியாது, படுக்கைப்புண் வருவது அப்போதுதான். போனில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வையுங்கள். மணி அடித்ததும் இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்குங்கள். கையில் அவ்வளவு பலம் இல்லாதவர் முன்பக்கம் நன்றாகக் குனிந்து, பிறகு வலமும் இடமுமாகச் சாய்ந்து, ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு நிமிடம் இருக்கலாம். இரவில் கண்ணாடி வைத்து, அல்லது வீட்டார் ஒருவரைக் கொண்டு, இருக்கும் இடத்துத் தோலைப் பாருங்கள். சிவந்த அடையாளம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், அது மறையும்வரை அந்தப் பக்கம் பாரம் கொடுக்காதீர்கள். தோல் உடைந்தால் மாதக்கணக்கில் படுக்கை. வந்த ஓடரும் போகும். அதேபோல மடியில் சூடான இஸ்திரிப் பெட்டி, கொதிநீர்ப் போத்தல், காலடியில் தணற்சட்டி எதுவும் கூடாது. சுட்டது தெரியாமலே தோல் வெந்துபோகும்.

ஒரு கையால் வேலை செய்பவருக்கு மறுகையாக உதவுவது கிளாம்ப், அதாவது பொருளை மேசையோடு இறுக்கும் திருகுப் பிடி. ஹாட்வெயார் கடையில் ஜி கிளாம்ப் இரண்டு வாங்குங்கள். பொருள் வழுக்காமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரியுங்கள். ஒரு கிலோ மணலை இரட்டைத் துணிப்பையில் தைத்தால், தாளையும் துணியையும் பிடித்துக்கொள்ள நல்ல பாரம். விரலில் பிடி குறைந்தவர்கள் கத்தரிக்கோல், ஊசி, தூரிகைப் பிடிகளுக்குத் துணி சுற்றி, மேலே டியூப் வளையம் போட்டுத் தடிப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிரில் விரல் மடங்காதவர்கள் காலை ஏழு மணிக்குத் தொடங்கி அல்லாடவேண்டாம். வெயில் ஏறி ஒன்பதுக்குப் பிறகு செய்யும் இரண்டு மணி நேரத்தில் அதைவிடக் கூடுதல் வேலை முடியும்.

கால்மிதி நெய்தல்

தொடங்குபவருக்கு இதையே முதலில் சொல்வோம். மின்சாரம் வேண்டாம், நெருப்பு வேண்டாம், பாதியில் வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். சட்டத்தைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைக்கலாம் என்பதால் குனியவும் தேவையில்லை.

சட்டம்: 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள மரக்கட்டையில் உள்ளளவு 18க்கு 24 அங்குலம் வரும்படி அடிக்கவேண்டும். மூலைகளில் முக்கோணப் பலகைத் துண்டு வைத்து இறுக்குங்கள். அதைச் செய்யாத சட்டம் நான்காவது கால்மிதியிலேயே கோணிவிடும், பிறகு நெய்வதெல்லாம் சாய்சதுரமாக வரும். இரண்டு 18 அங்குலப் பக்கத்திலும் அங்குலத்துக்கு ஒன்றாக 19 ஆணி. ஒன்றரை அங்குல ஆணியை அரை அங்குலம் மட்டும் இறக்குங்கள். தலை சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், அப்போதுதான் பாவு (ஆணிகளில் நீளவாக்கில் கட்டும் பட்டி) நழுவாது.

துணி: டீசேர்ட் வகைப் பின்னல் துணிதான் வேண்டும். அதை நீளமாக வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறு போலாகும், நூல் பிரியாது. சேர்ட், சாரத் துணிகளில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். வாங்கியவர் முதல் துவைப்பிலேயே குறை சொல்வார். பொலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது; ஈரக்காலோடு மிதிப்பவர் வழுக்கி விழுவார். தெரியாத துணியின் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி உருண்டையாகும். கார்மன்ட் வெட்டுத்துண்டு மூட்டையாக வாங்கும்போது மேல்பகுதியைப் பார்த்து விலை பேசாதீர்கள். கையை அடிவரை விட்டு எடுத்துப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குக் குறைந்த துண்டுகள் பாதிக்குமேல் இருந்தால் அது தலையணைக்கு அடைக்கத்தான் உதவும்.

சிவப்பு, கருநீலம், கறுப்புத் துணிகளை நெய்வதற்கு முன்பே உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். சாயம் இன்னும் ஊறிவந்தால் அவற்றை வெள்ளையோடு சேர்க்கவேண்டாம். உப்பு எல்லாச் சாயத்தையும் நிறுத்தாது, ஆனால் எது சாயம் விடும் என்பதை இந்த ஊறல் காட்டிக்கொடுக்கும்.

பாவுக்கு 1 அங்குல அகலப் பட்டி, ஊடைக்கு (குறுக்காக நெய்யும் பட்டி) ஒன்றரை முதல் 2 அங்குலம். பழைய டீசேர்ட் என்றால் கைக்குக் கீழே குறுக்காக வெட்டிவரும் குழாய்த் துணியைப் பாதியாக மடித்து, ஒரு ஓரத்தில் 1 அங்குலம் விட்டு, அந்த ஓரம்வரை பட்டி பட்டியாக வெட்டுங்கள். பிறகு அந்த ஓரத்தை விரித்து, ஒவ்வொரு வெட்டையும் அடுத்த வெட்டோடு சாய்வாகச் சேர்த்தால் ஒரே நீளப் பட்டி கிடைக்கும். துண்டுகளை இணைக்க முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு உள்ளங்காலில் குத்தும். இரண்டு பட்டியின் நுனியிலும் அரை அங்குலம் உள்ளே ஒரு சிறு கீறல் போடுங்கள். புதுப் பட்டியின் கீறலுக்குள் பழைய பட்டியின் நுனியை நுழைத்து, புதுப் பட்டியின் மறுமுனையைப் பழையதன் கீறலுக்குள் விட்டு மெல்ல இழுத்தால் இரண்டும் தட்டையாகப் பூட்டிக்கொள்ளும்.

பாவு கட்டுதல்: மேல் முதல் ஆணியில் கட்டி, கீழ் முதல் ஆணிக்கு இறக்கி, அங்கிருந்து கீழ் இரண்டாவது ஆணியைச் சுற்றி மேல் இரண்டாவது ஆணிக்கு ஏற்றி, அதைச் சுற்றி மேல் மூன்றாவது ஆணிக்குப் போய் மீண்டும் இறக்கவேண்டும். இப்படி 19 இழை. நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கவேண்டும். தொடங்குபவர் பெரும்பாலும் இதை வீணைத்தந்தி போல இறுக்கிவிடுவார்கள். பின்னல் துணி இழுபடும். சட்டத்திலிருந்து கழற்றியதும் அது சுருங்கி, கால்மிதி அப்பளம் போல நெளியும். நெய்து முடித்தபின் அதைத் திருத்த வழியில்லை.

ஊடை நெய்தல்: ஒன்றின் மேல், ஒன்றின் கீழ், அடுத்த வரியில் மாறி. பட்டியைக் கோக்க மூங்கிலில் ஒரு சாண் நீளத் தட்டை ஊசி சீவிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எல்லோருக்கும் வரும் பிழை ஒன்றுதான்: ஓரம் உள்ளே இழுபட்டு, கால்மிதி நடுவில் உடுக்கை போல ஒடுங்குவது. ஊடையை நேராக இழுத்து இறுக்குவதுதான் காரணம். பட்டி, பாவின் மேலும் கீழும் வளைந்து போவதால் 18 அங்குல அகலத்துக்கு 18 அங்குலப் பட்டி போதாது. ஆகையால் ஒவ்வொரு வரியையும் நடுவில் இரண்டு அங்குலம் உயர்ந்த வில்லாக வளைத்துப் போட்டு, பிறகு விரலாலோ பெரிய பல்லுள்ள மரச்சீப்பாலோ கீழே தட்டுங்கள். அதோடு, பழைய குடைக் கம்பி இரண்டை எடுத்து, இரண்டு ஓரப் பாவோடும் ஒவ்வொன்றைச் சேர்த்து மேலும் கீழும் சட்டத்தில் கட்டிவிடுங்கள். ஊடை ஓரப் பாவையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றிவரட்டும். கம்பி ஓரத்தை உள்ளே வரவிடாது. முடிந்ததும் கம்பியை உருவிவிடலாம்.

மேலும் கீழும் ஆணி வரைக்கும் நெருக்கி நிரப்பவேண்டும். கடைசி இரண்டு வரி கஷ்டமாக இருக்கும், கைபிடி குறைந்தவர் அங்கே வீட்டார் ஒருவரைக் கூப்பிடலாம். அரை அங்குலம் விட்டுவிட்டுக் கழற்றினால் பாவின் வளையம் தொங்கி, சிறுபிள்ளை விரல் மாட்டி இழுத்தே பிரித்துவிடும். நுனிப் பட்டிகளை முடிச்சுப் போடாமல், பாவோரமாக மூன்று அங்குலம் உள்ளே நுழைத்து, நூலால் இரண்டு தையல் போடுங்கள். அடியில் நான்கு மூலையிலும் சைக்கிள் டியூப் துண்டு தைத்தால் ஈரச் சிமெந்தில் வழுக்காது. இதைச் செய்துவிட்டு வாங்குபவருக்கு அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். விலை பேச அது உதவும்.

ஒன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ துணி போகும். முதல் கால்மிதியைக் கடைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள், உங்கள் கைக்கு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். முதலாவதற்கு இரண்டு நாள் பிடித்தாலும் மனம் தளரவேண்டாம். பத்தாவதுக்குள் நான்கு மணி நேரத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று. துணியையும் முடிந்த பொருளையும் அடுப்புள்ள காம்பராவில் வைக்காதீர்கள். விறகுப்புகை வாடை நமக்குப் பழகிவிட்டதால் தெரியாது. வாங்கும் விடுதிக்காரருக்கு மூட்டையை அவிழ்த்தவுடன் தெரியும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், நன்றாகக் காய்ந்தபின் மட்டும் வையுங்கள். அரைகுறை ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாக விழும், அது துவைத்தாலும் போகாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

காகிதப் பை

20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனும் சோறு சுற்றும் லன்ச் சீட்டும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்ட பிறகு, பாமசி, பேக்கரி, கோயில் என்று காகிதப் பைக்குக் கேள்வி கூடியது. ஒரு பையில் கிடைப்பது சொற்பம். ஆகவே வேகம்தான் வருமானம். கை இரண்டும் நன்றாக இயங்குபவருக்கு, அல்லது வீட்டில் இன்னொருவர் மடித்துக்கொடுப்பவருக்கு இது சரிவரும்.

பிரவுண் தாள் 20க்கு 30 அங்குலம் என்றால், 30 அங்குலத்தைப் பாதியாக வெட்டி, 20 அங்குலத்தில் ஓரம் 1 அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். 19க்கு 15 துண்டுகள் இரண்டு கிடைக்கும். 19 அங்குலத்தை 6, 3, 6, 3 என்று மடித்து, மிஞ்சும் 1 அங்குலத்தில் பசை. உயரத்தில் மேலே 2 அங்குலம் உள்மடிப்பு, கீழே இரண்டரை அங்குலம் அடிக்கு. மிச்சம் பத்தரை அங்குல உயரப் பை. ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் பிடிக்காமல், தடித்த மட்டையில் 6க்கு 12 அங்குல அச்சு வெட்டி, அதைச் சுற்றியே மடியுங்கள்.

பசை: கோதுமை மா ஒரு கோப்பையைப் பச்சைத்தண்ணீர் ஒரு கோப்பையில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு கோப்பைத் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி போலானதும் இறக்குங்கள். நீர்த்தால் தாள் நனைந்து சுருங்கும். தோசைமாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். இரண்டு நாளுக்குமேல் வைக்கவேண்டாம். பசை தடவும்போது ஒவ்வொரு தாளாக எடுக்காதீர்கள். 15, 20 தாளை விசிறி போல ஒன்றுக்கு ஒன்று 1 அங்குலம் தெரியும்படி அடுக்கி, மேல் தாளின் ஓரத்தைக் கழிவுத் தாளால் மூடி, ஒரே இழுப்பில் தூரிகையை ஓட்டுங்கள். ஒட்டிய பைகளைக் குவித்துவைத்தால் மலைக்குளிரில் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டும். கொடியில் மாட்டி, மறுநாள்தான் கட்டவேண்டும். மாப்பசைக்கு எலியும் கரப்பானும் வரும், ஆகவே முடிந்த கட்டுகளையும் வாளிக்குள்தான் வைக்கவேண்டும்.

பழைய பத்திரிகைத் தாளில் செய்த பை பூவுக்கும் புடைவைக்கும் சரி. வடை, ரொட்டிக்கு அதைக் கொடுக்கவேண்டாம், அச்சு மை எண்ணெயில் ஊறும். பிரசாதப் பையும் வெறும் தாளில்தான்.

தையல் மெஷின்

காலால் மிதிக்க முடியாதவர் தையலை விட்டுவிடத் தேவையில்லை. மெஷினுக்கு மோட்டர் பூட்டி, அதன் மிதியை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தலாம். இரண்டு கையும் துணிக்கே கிடைக்கும். மிதி நகராமல் பலகையில் இறுக்கவேண்டும். கைச்சக்கர மெஷினில் ஒரு கை சுற்றுவதற்கே போய்விடும், நீளத் தையல் நேராக வராது. நேர்த்தையல் தலையணை உறைக்குப் போதும். பழைய லய வயரிங்கில் மோட்டரைச் செருகுமுன் மின் ஒழுகினால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, சோதனை பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள்.

விலை வைத்தல்

"சும்மா வீட்டில்தானே இருக்கிறீர்கள், குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. எட்டு மணி நேரத்தால் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 169 ரூபா. உங்கள் மணி நேரத்தை அதற்குக் கீழே வைக்காதீர்கள். அது உயரும்போது உங்கள் கணக்கும் உயரவேண்டும்.

துணி கிலோ 150 ரூபா என்று வைத்துக்கொண்டால், கழிவோடு 650 கிராமுக்கு 100 ரூபா, நூல் 20, பஸ் செலவில் ஒரு பங்கு 40, நான்கு மணி நேரத்துக்கு 676. ஆக 836 ரூபா. தொடக்கத்தில் எட்டு மணி நேரம் பிடித்தால் அந்தக் கூடுதல் நேரத்தை வாங்குபவர் தலையில் ஏற்ற முடியாது, அது பழகுகிற காலம். ஆனால் கை பழகிய பிறகும் 836ஐ யாரும் தரவில்லை என்றால், விலையைக் குறைக்கும் முன் வாங்குபவரை மாற்றுங்கள். பஸ் ஸ்டாண்ட் நடைபாதையில் உங்களுக்குப் போட்டி மெஷினில் செய்த மலிவுப் பொருள். எல்ல, நுவரெலியாவில் விருந்தினர் தங்கும் சிறு விடுதிகளில் கேட்பது வேறு: ஒரே அளவு, ஒரே நிறம், பன்னிரண்டு கால்மிதி, சொன்ன தேதியில். ஓட்டோக்காரர்களுக்குத் தரை அளவு எடுத்து நெய்து கொடுக்கலாம். நுவரெலியா ஏப்ரல் வசந்தகாலத்துக்கு விற்க நினைப்பவர் ஜனவரியில் நெய்யத் தொடங்கவேண்டும்.

இரக்கத்துக்கு வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். ஆகவே பொருளில் உங்கள் உடல்நிலையைப் பற்றிய துண்டுச்சீட்டு ஒட்டுவதை நாங்கள் விரும்புவதில்லை. அளவு, துணி வகை, துவைக்கும் முறை, போன் நம்பர் இவை எழுதிய சீட்டு போதும்.

அலுவலகப் பக்கம்

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கானது. சுயதொழில் உதவி, உபகரணம் போன்றவற்றுக்கு முதலில் போகவேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். அவர் பாதி நாள் வெளிக்களத்தில் இருப்பார், போன் எடுத்து நாள் கேட்டுவிட்டே போங்கள். இறங்கி ஏற முடியாதவர் கடிதத்தோடு வீட்டார் ஒருவரை அனுப்பலாம். நோர்வூட்டுக்கும் தலவாக்கலைக்கும் இப்போது தனிப் பிரதேச செயலகங்கள் உள்ளன. பழைய நினைவில் தூரம் போகவேண்டாம். அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வாங்க நினைக்கும் பொருளுக்குக் கடை கொடுத்த விலைப்பட்டியல் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வையுங்கள். மாதக் கொடுப்பனவு பெறுபவர், தொழில் தொடங்கினால் அதற்கு என்ன ஆகும் என்பதைப் பதிவுசெய்யும் முன்பே அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. விளங்காத தாளில் கையெழுத்து வைக்கவேண்டாம். முறையான பயிற்சி விரும்புபவர்களுக்குச் சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை, வத்தேகம போன்ற இடங்களில் தங்கிப் படிக்கும் நிலையங்களை நடத்துகிறது.

வேலை தருகிறேன் என்று வருபவர்

"வீட்டிலிருந்தே பேனா பெக்கிங், பதிவுக்கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று போனில் வரும் விளம்பரங்களில் காசு அனுப்பாதீர்கள். வேலை தருபவர் உங்களுக்குக் காசு தரவேண்டியவர், வாங்கவேண்டியவர் அல்ல.

நேரில் வந்து துண்டுக்கணக்கில் வேலை தருபவரிடம், முதலில் ஐந்து துண்டு மட்டும் எடுத்துச் செய்து, காசு வாங்கிப் பாருங்கள். பிறகு ஒரு கொப்பியில் இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: துண்டுக்கு எவ்வளவு, கொடுத்த துணியின் நிறை, திரும்பக் கொடுக்கும் பொருளின் நிறை, கழிவாக ஏற்கும் அளவு, பழுதானால் யார் பொறுப்பு, காசு தரும் தேதி. துணி தராசில் ஏறும்போது அது காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்துணியை நிறுத்துக் கொடுத்துவிட்டு, காய்ந்த கால்மிதியில் நிறை குறைகிறது என்று காசு வெட்டுவது பழைய பழக்கம்.

லய வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் வரும். தூரத்து ஓடருக்குப் பொருள் அனுப்பும்போது, திரும்பி வந்தால் எடுக்கக்கூடியதாக டவுனில் நம்பிக்கையான ஒரு கடையின் விலாசத்தையும் உங்கள் போன் நம்பரையும் பார்சலின் இரண்டு பக்கமும் எழுதுங்கள். கால்மிதிகளை மடிக்காமல் சுருட்டி, உள்ளே ஒரு பொலித்தீன், வெளியே ஒரு சாக்கு. பஸ் கூரையில் ஏற்றவிடாதீர்கள், கினிகத்தேனையில் மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.